மெல்லிசு தகரத்த தடிச்ச பிளேட்டோட பத்த வைக்கிறது (வெல்டிங் பண்றது): புதுசா கார் பாடி வேலை படிக்கிறவங்களுக்கு

போன ஆனி மாசம் குளச்சல்ல இருந்து ஒரு மீன் வண்டி எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்துச்சு. டிரைவர் சீட்டு ஆடுது, பிரேக்க அமுக்கினா சீட்டோட சேந்து நானும் முன்னால போறேன்னு அந்த அண்ணன் சொன்னாரு. காலுக்குக் கீழ விரிச்சிருந்த மேட்ட தூக்கிப் பாத்தா யாரோ ஏற்கனவே 3 மி.மீ. பிளேட்டு ஒண்ண ஃப்ளோர் தகரத்துல வச்சு நாலு பக்கமும் பத்த வச்சிருக்காங்க, பாக்க நல்ல வரிசையா அழகா இருந்துச்சு. ஒரு உளிய ஓரத்துல வச்சு சுத்தியலால ரெண்டு தட்டுதான் தட்டினேன், மொத்த வெல்டும் பிளேட்ட விட்டு பொளந்துகிட்டு வந்துட்டு. கீழ பாத்தா பிளேட்டு மேல உள்ள கருப்பு தோல் கூட அழியாம அப்படியே இருக்கு. அதாவது இரும்பு உருகி பிளேட்டுக்குள்ள போகவே இல்ல, மெழுகு ஒழுகி தரையில உறைஞ்ச மாதிரி சும்மா மேல உக்காந்திருக்கு. அந்த அண்ணன் விடியக்காலம் மூணு மணிக்கு ஐஸ் பெட்டி ஏத்திகிட்டு அந்த சீட்டுல உக்காந்துதான் தினமும் போயிட்டு வந்திருக்காரு, அத நினைச்சா எனக்கு இன்னும் வயித்த கலக்குது.

இத எழுதுறது அதுக்குத்தான். ரெண்டு தகரத்த ஒட்ட வைக்க பழகினவங்க நெறய பேரு இருக்காங்க, ரெண்டு தடிச்ச பிளேட்ட கேட்டு கிரில் வேலையில பத்த வைக்கிறவங்க அதவிட நெறய பேரு. ஆனா ஒண்ணு மெல்லிசு ஒண்ணு தடிச்சதுன்னு வரும்போது ரெண்டு வேலையும் தெரிஞ்சவங்களுக்கே கை தப்பிப் போகுது, ஏன்னா இது மூணாவது ஒரு வேலை, இதுக்குன்னு ஒரு கணக்கு இருக்கு.

முதல்ல கார்ல எது மெல்லிசு எது தடிச்சதுன்னு பாத்துக்கிடுவோம். வெளிய தெரியிற கதவு, பெண்டர், பானெட் எல்லாம் ஏறக்குறைய 0.7 மி.மீ.ல இருந்து 0.9 வரைக்கும்தான். ஃப்ளோரும் அதே பக்கத்துலதான், கொஞ்சம் கூட இருக்கும். ஆனா சீட்டு புடிக்கிற பிராக்கெட், சீட் பெல்ட் போல்ட்டு மாட்டுற எடம், ஜாக்கி வைக்கிற எடம், சஸ்பென்ஷன் வந்து உக்காருற எடம், கதவு கீல் உள்பக்கம், இங்கெல்லாம் 2 மி.மீ., 3 மி.மீ.ன்னு பிளேட்டு வரும். மாருதி 800, ஆம்னி மாதிரி வண்டியில எல்லாம் ஜீப்புல இருக்க மாதிரி தனியா சேஸிஸ் கெடையாது, அந்த மெல்லிசு தகரமே மடிச்சு மடிச்சு பொட்டி மாதிரி ஆகி மொத்த பாரத்தையும் தாங்குது. அதனால தகரமும் பிளேட்டும் சேருற எடம்தான் பாரம் கை மாறுற எடம். அங்க வெல்டு சரியில்லன்னா மத்த எல்லாம் சரியா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

சரி, ஏன் கஷ்டம்? சூடு. இத மட்டும் புரிஞ்சுகிட்டா பாக்கி எல்லாம் தானா வரும்.

பத்து செ.மீ.க்கு பத்து செ.மீ. அளவுல ஒரு துண்டு 0.8 மி.மீ. தகரம் வெட்டி எடை போட்டா சுமார் 63 கிராம் வரும். அதே அளவு 3 மி.மீ. பிளேட்டு சுமார் 235 கிராம். ஏறக்குறைய நாலு மடங்கு. ரெண்டும் ஒரே இரும்பு, ரெண்டும் உருகுறது ஏறக்குறைய 1500 டிகிரியிலதான், ஆனா தகரத்த அந்த சூட்டுக்கு கொண்டு போக நாலுல ஒரு பங்கு தீ போதும். வீட்டுல பாத்திருப்பீங்க, நல்ல கனமான தோசைக்கல்லு காயிறதுக்கு நேரம் எடுக்கும், தண்ணி தெளிச்சா உடனே ஆறவும் செய்யாது, அதே அடுப்புல மெல்லிசு அலுமினிய சட்டிய வச்சா கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள அடி புடிச்சிரும். இப்ப இந்த ரெண்டையும் ஒரே அடுப்புல ஒரே நேரம் வச்சு ரெண்டுலயும் ஒரே பதத்துல தோசை எடுக்கணும், அதுதான் நம்ம சோலி.

இன்னொண்ணு, பிளேட்டோட நடுவுல தீ பட்டா அந்த சூடு நாலு பக்கமும் ஓடும், கீழயும் ஓடும். தகரத்தோட ஓரத்துல தீ பட்டா ஓடுறதுக்கு ஒரே பக்கம்தான் இருக்கு, பின்னால. முன்னால வெறும் காத்து. அதனால தகரத்து ஓரம் எப்பவும் முதல்ல உருகி சுருண்டு பின்னால ஓடும். புதுசா பழகுறவங்க எல்லாரும் இங்கதான் மாட்டுறாங்க, ஓரத்துல ஆர்க் (வெல்டிங் மின் தீ) அடிக்கிறாங்க, ஓரம் பின்னால ஓடுது, அத புடிக்க இன்னும் அடிக்கிறாங்க, இன்னும் ஓடுது, கடைசியில ஒரு ரூபா நாணயம் போற அளவு ஓட்டை.

ஓட்டை விழுந்தா பயந்து என்ன பண்ணுவோம், கரண்ட்ட குறைப்போம். குறைச்சதும் ஓட்டை விழாது, வெல்டு அழகா உக்காரும், சந்தோஷமா இருக்கும். அந்த மீன் வண்டியில நடந்ததும் அதுதான். கரண்ட்ட தகரத்துக்கு ஏத்த மாதிரி வச்சதால தகரம் நல்லா புடிச்சிருக்கு, பிளேட்டு அந்த சூட்ட எல்லாம் குடிச்சுட்டு உருகாமலே இருந்திருக்கு. ஓட்டை விழுந்தா கண்ணுக்குத் தெரியும், மூடிரலாம். ஒட்டாத வெல்டு கண்ணுக்குத் தெரியாது, பெயிண்ட் அடிச்சா இன்னும் அழகாத் தெரியும். ரெண்டுல எது ஆபத்துன்னு நான் சொல்ல வேண்டாம்.

தக்கலையில நான் தொழில் படிக்கும்போது எங்க ஆசான் சொல்லுவாவ, "மக்ளே, தீய தடிச்சவன்கிட்ட குடு, மெல்லிசுக்காரனுக்கு அவன் குடுப்பான்." அப்ப எனக்கு அது வெளங்கல. அர்த்தம் இதுதான்: ஆர்க் எப்பவும் பிளேட்டு மேலதான் விழணும். பிளேட்டுல இரும்பு உருகி ஒரு சின்ன குளம் மாதிரி வந்த பொறவு, அந்தக் குளத்த பைய தகரத்து ஓரத்துப் பக்கம் தள்ளினா, குளத்தோட சூடே போதும் தகரத்த உருக்கி தன்னோட சேத்துக்கிடும். நேரக் கணக்குல சொன்னா மூணுல ரெண்டு பங்குக்கும் மேல நேரம் பிளேட்டுல, ஒரு பங்குக்கும் குறைவா தகரத்துல. ஆர்க்க தகரத்து மேல நேரா காட்டவே வேண்டாம், குளம் போயி ஓரத்த தொட்டதும் திரும்பி பிளேட்டுக்கு வந்துரணும்.

கார் பாடிக்கு இதவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு, ஓட்டை போட்டு நிரப்புறது, பிளக் வெல்டுன்னு சொல்லுவாங்க. கம்பெனியில காரு செய்யும்போது ரெண்டு தகரத்த சேத்து வச்சு ரெண்டு பக்கமும் செம்பு முனையால அழுத்தி கரண்ட் விட்டு ஸ்பாட் வைக்கிறாங்க, அது மாதிரி நம்ம கையால வைக்கிறதுதான் இது. மெல்லிசு தகரத்துல 6 மி.மீ.ல இருந்து 8 மி.மீ. வரைக்கும் ஒரு ஹோல் போடணும், சீட்டு பிராக்கெட் மாதிரி பாரம் வர்ற எடத்துல 8 வச்சுக்கிடுங்க. அந்தத் தகரத்த பிளேட்டு மேல வச்சு நல்லா இறுக்கி கிளாம்ப் போட்டா, ஹோல் வழியா கீழ உள்ள பிளேட்டு தெரியும். இப்ப வெல்டிங் கன்ன நேரா ஹோலோட நடுவுல, பிளேட்டப் பாத்து வச்சு அடிக்கணும். ஒரு வினாடி நடுவுலயே நில்லுங்க, பிளேட்டு உருகட்டும், அதுக்கப்புறம் சின்னதா ஒரு வட்டம் போட்டு வெளிய வந்து ஹோலோட ஓரத்தத் தொட்டு நிறுத்திரணும். மொத்தமே ரெண்டு மூணு வினாடி வேலை.

இதுல என்ன அழகுன்னா, மெஷின்ல கரண்ட்ட தைரியமா பிளேட்டுக்கு ஏத்த மாதிரியே வச்சுக்கிடலாம். தீ நேரா விழுறது பிளேட்டுல, தகரத்துக்குப் போறது கடைசி அரை வினாடி மட்டும். அதுவும் ஹோலச் சுத்தி எல்லா பக்கமும் தகரம் இருக்கறதால சூடு ஓடுறதுக்கு வழி இருக்கு, ஓரத்துல அடிக்கிற மாதிரி சுருண்டு ஓடாது. தப்பு வர்றது எங்கன்னா, ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு நடுவுக்கு வர்றது. அப்படிப் பண்ணினா உருகின இரும்பு ஹோல மேல மூடிரும், அடியில பிளேட்டு குளிர்ந்தே கெடக்கும், மேல பாத்தா வட்டமா பொட்டு வச்ச மாதிரி இருக்கும், உள்ள ஒண்ணுமே இருக்காது. நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துல முடிக்கணும், இத ஒரு நாளும் மாத்தாதீங்க.

எத்தன ஹோல்ங்கிறது எடத்தப் பொறுத்தது. பழைய பிராக்கெட்ட எடுக்கும்போது கம்பெனி ஸ்பாட் எத்தன எடத்துல இருந்துச்சுன்னு எண்ணி சாக்பீஸால குறிச்சு வச்சுக்கிடுங்க. அதுக்கு குறையாம போடணும்.

மெஷினப் பத்தி இப்ப. நம்ம ஊர்ல மூணு விதமா பண்றாங்க. ராடு வச்சு அடிக்கிற சாதா ஆர்க் வெல்டிங், கேஸ் வெல்டிங், அப்புறம் கன் வழியா வயர் தானா வந்து உருகுற, சுத்தி கேஸ் விட்டு காக்குற சிஓ2 வெல்டிங். ராடுல 2.5 மி.மீ. ராடுக்கே 60 ஆம்ப்ஸுக்குக் கீழ போனா ஆர்க் நிக்கிறது கஷ்டம், 0.8 தகரத்துக்கு அது ரொம்ப கூட, அதனால கார் தகரத்துல ராடு வேண்டாம்ங்கிறதுதான் என் எண்ணம், ரொம்ப கை பழகினவங்க பண்ணுவாங்க, ஆனா படிக்கிறவங்க அதுல ஆரம்பிக்க வேண்டாம். கேஸ் வெல்டிங்ல தீ 3000 டிகிரிக்கு மேல போகும், ஆனா அது ஒரு எடத்துல நிக்காம அகலமா பரவும், பழைய அம்பாசடர் காலத்துல அதுலதான் எல்லா வேலையும் நடந்துச்சு, அந்த ஆசான்மாருக்கு கை அப்படி பழகியிருந்துச்சு. இப்ப உள்ள மெல்லிசு தகரத்துல அந்த சூடு ஒரு சாண் தூரத்துக்குப் பரவி தகரத்த அலை அலையா ஆக்கிரும்.

சிஓ2 மெஷின்தான் இதுக்கு சரி. 0.8 மி.மீ. வயர் எங்கயும் கிடைக்கும், 0.6 கிடைச்சா தகரத்துக்கு இன்னும் நல்லது. தனி சிஓ2 கேஸுல ஆழமா இறங்கும் ஆனா பொறி நெறய தெறிக்கும், ஆர்கான் கலந்த கேஸுல சாந்தமா இருக்கும். கரண்டுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு, ஒரு மி.மீ. கனத்துக்கு சுமார் 40 ஆம்ப்ஸ். அப்படிப் பாத்தா 0.8 தகரத்துக்கு 32, 3 மி.மீ. பிளேட்டுக்கு 120. பிளக் வெல்டுன்னா 120 பக்கம் வச்சு ஆரம்பிங்க. ஓரத்துல அடிக்கிறதுன்னா 80க்கும் 100க்கும் நடுவுல வச்சு, நீளமா இழுக்காம பொட்டு பொட்டா அடிக்கணும். இது ஆரம்பிக்கிறதுக்கு ஒரு கணக்குதான், உங்க மெஷின், உங்க ஊரு வோல்டேஜ், ஒயரோட நீளம் எல்லாத்துக்கும் ஏத்த மாதிரி மாறும், காதால கேட்டு சரி பண்ணணும். பப்படம் பொரிக்கிற மாதிரி சீரா சத்தம் வந்தா சரி. டப் டப்னு கன்ன பின்னால தள்ளினா வயர் ஸ்பீடு கூடுதல், உஸ்ஸுன்னு பெரிய உருண்டையா சொட்டினா ஸ்பீடு குறைவு.

காத்த மறந்துராதீங்க. சிஓ2 வெல்டிங்ல உருகின இரும்ப காத்துல இருந்து காப்பாத்துறதே அந்த கேஸ்தான், நிமிஷத்துக்கு 10 லிட்டர் பக்கம் விட்டா பாடி வேலைக்குப் போதும், ஆனா மின்விசிறி காத்து பட்டாலே அது கலைஞ்சிரும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காத்தாடி நிக்கிற ஊர்ல, ஆடி மாசம் வாசல்ல வண்டிய நிறுத்தி சிஓ2 அடிச்சா வெல்டு முழுக்க சல்லடை மாதிரி பொத்தல் பொத்தலா வரும், மெஷின் கெட்டுப் போச்சுன்னு நினைப்பாங்க. மெஷின்ல ஒண்ணும் இல்ல, ஷட்டர போட்டுட்டு அடிங்க, இல்லன்னா ஒரு பழைய பிளைவுட்ட மறைப்பா வைங்க. வியர்வை தாங்காம பெடஸ்டல் ஃபேன நேரா வச்சு அடிக்கிறவங்களுக்கும் இதேதான்.

இப்ப வெல்டு வைக்கிறதுக்கு முன்னால உள்ள வேலை, இதுக்குத்தான் நேரம் கூட போகும், போகணும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல கடல் காத்து எல்லா பக்கமும் இருக்கு, தென்மேற்கு மழையும் உண்டு வடகிழக்கு மழையும் உண்டு, தகரம் காயிறதுக்கே நேரம் கெடையாது. மீன் வண்டின்னா உப்புத் தண்ணி உள்ள இருந்தே வருது, ஐஸு உருகி மேட்டுக்கு அடியில தேங்கி ஃப்ளோர உள்ள இருந்து தின்னும். மேல பெயிண்டு நல்லாத்தான் இருக்கும், சுத்தியல் முனையால தட்டிப் பாருங்க, நல்ல தகரம்னா கணீர்னு கேக்கும், துருப் புடிச்சதுன்னா மொத்தைன்னு சத்தம் வரும். 0.8 தகரம் துரு தின்னு 0.4 ஆயிருந்தா எந்த செட்டிங் வச்சாலும் ஓட்டைதான், வெல்டர் மேல குத்தம் இல்ல. நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டிப் போட்டுட்டு புது தகரத் துண்டு வச்சுதான் பிளேட்ட சேக்கணும். வண்டிக்காரருக்கு மனசு வராது, இவ்வளவு வெட்டணுமான்னு கேப்பாங்க, வெட்டின துண்ட அவங்க கையில குடுத்து மடக்கிப் பாக்கச் சொல்லுங்க, பிஸ்கட் மாதிரி ஒடியும், பொறவு பேச மாட்டாங்க.

பிளேட்டுல உள்ள கருப்புத் தோலையும் கிரைண்டர் போட்டு வெள்ளை இரும்பு தெரியிற வரைக்கும் எடுத்துரணும். தகரத்துல பெயிண்டு, சந்த அடைக்கிற சீலர், ஒட்டியிருக்க தார் எல்லாம் ரெண்டு பக்கமும் போகணும். ஜி.ஐ. தகரம்னா அந்த நாகப் பூச்ச (நாகம்னா துத்தநாகம், ஜிங்க்) ரெண்டு செ.மீ. அகலத்துக்காவது தேய்ச்சு எடுங்க, நாகம் 907 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாயிரும், இரும்பு உருகுறதுக்கு ரொம்ப முன்னாலயே, அந்த ஆவி குளத்துக்குள்ள பொத்தல் விட்டுட்டு வெளிய வந்து வெள்ளைப் புகையா நம்ம மூக்குல ஏறும். அன்னைக்கு ராத்திரி குளிர் காய்ச்சல் மாதிரி நடுக்கி எடுக்கும். பால் குடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு எல்லா ஒர்க்‌ஷாப்புலயும் சொல்லுவாங்க, பால் போறது வயித்துக்குள்ள, புகை போறது நெஞ்சுக்குள்ள, ரெண்டும் சந்திக்காது. மாஸ்க் போடுங்க, புகை வெளிய போக வழி பண்ணுங்க.

இடைவெளி இருக்கவே கூடாது. தகரமும் பிளேட்டும் தாள் நுழையாத மாதிரி ஒட்டி உக்காரணும். நடுவுல ஒரு மி.மீ. காத்து இருந்தாலும் பிளேட்டோட சூடு தகரத்துக்கும், தகரத்தோட சூடு பிளேட்டுக்கும் போகாது, தகரம் தனியா நின்னு எரியும். ஒட்டி இருந்தா பிளேட்டே தகரத்தோட கூடுதல் சூட்ட இழுத்துக்கிடும், தடிச்சவன் துணைக்கு வர்றான். அதனால கிளாம்ப் ரெண்டு போதும்னு நினைக்கிற எடத்துல நாலு போடுங்க. கிளாம்ப் எட்டாத எடத்துல சின்ன செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூ போட்டு இறுக்கிட்டு, வெல்டு வச்ச பொறவு கழட்டி அந்த ஹோலயும் நிரப்பிரலாம். தகரத்துக்குப் பின்னால கை போற எடம்னா ஒரு தடிச்ச செம்புக் கட்டிய அணைச்சுப் புடிக்கச் சொல்லுங்க, செம்பு சூட்ட வேகமா இழுக்கும், இரும்பு அதுல ஒட்டவும் செய்யாது, ஓட்டை அடைக்கிற வேலைக்கும் அதுதான் நல்லது.

தகரம் நெளியிறத பத்தி சுருக்கமா சொல்லிருதேன். இரும்பு 30 செ.மீ. நீளம் 500 டிகிரி சூடானா ஏறக்குறைய 1.8 மி.மீ. நீளும். பிளேட்டு கனமா இருக்கறதால அசையாது, நீள இடம் இல்லாம தகரம் வீங்கும், ஆறும்போது சுருங்கி இழுக்கும். அதனால ஒரு மூலையில ஒரு பொட்டு, அடுத்து எதிர் மூலையில, பொறவு நடுவுல, அப்படி தள்ளித் தள்ளி அடிங்க. கைய வச்சுப் பாத்து சூடு தாங்குற அளவுக்கு ஆறின பொறவுதான் பக்கத்துப் பொட்டு. தண்ணி ஊத்தி ஆத்தாதீங்க, தானா ஆறட்டும்.

இனி சொல்றது நெறய பேரு யோசிக்காதது. வெல்டு நல்லா இறங்கியிருந்தும் ரெண்டு மூணு வருஷத்துல அந்த வெல்டுக்குப் பக்கத்துல, தகரத்துல, நீட்டமா கீறல் விழும். வெல்டு ஒடியல, வெல்டுக்கு ஒட்டின தகரம்தான் ஒடியிது. நம்ம ஊர்ல வாழைக்கு முட்டுக் கொடுப்போம்ல, கம்ப ஊனி ஒரே எடத்துல கயிறு போட்டு இறுக்கிக் கட்டினா, காத்து அடிக்கும்போது வாழை எங்க ஒடியும்? கட்டுக்கு நேர் மேலதான். கட்டுக்குக் கீழ அசையாது, மேல முழுக்க அசையிது, எல்லா அசைவும் அந்த ஒரு வரையில வந்து நிக்குது. தகரத்துலயும் அதேதான், தகரம் வளையும், பிளேட்டு வளையாது, ரோட்டுல உள்ள குழி எல்லாம் அந்த எல்லைக் கோட்டுல வந்து வேலை செய்யும்.

அதுக்கு வழி இருக்கு. பிளேட்டோட மூலைய சதுரமா விடாம வட்டமா அரைச்சுருங்க, கூர் மூலையிலதான் கீறல் ஆரம்பிக்கும். வெல்ட ஒரே நேர் கோட்டுல சுத்தி வர தைக்காம, பிளக் ஹோல ஒண்ணு முன்ன ஒண்ணு பின்னன்னு மாத்தி மாத்திப் போடுங்க. முடிஞ்சா நடுவுல ஒரு படி வைங்க, அதாவது 0.8 தகரத்துல நேரா 3 மி.மீ. வைக்காம, கொஞ்சம் பெரிய அளவுல 1.6 மி.மீ. துண்டு ஒண்ண முதல்ல பிளக் போட்டு ஒட்டி, அதுக்கு மேல 3 மி.மீ. பிராக்கெட்ட வைக்கணும். மெல்லிசுல இருந்து தடிச்சதுக்கு ஒரே தாவலா போகாம படி ஏறிப் போகுது, பாரமும் அகலமா பரவுது. வேலை கூடத்தான், சீட்டுக்கும் பெல்ட்டுக்கும் நான் இத விடவே மாட்டேன்.

வண்டியில கை வைக்கிறதுக்கு முன்னால சோதனைத் துண்டு அடிச்சுப் பாக்கணும், இதுல மட்டும் யாரும் சோம்பல் படாதீங்க. வண்டியில உள்ள அதே கனத்துல ஒரு தகரத் துண்டு, அதே பிளேட்டுல ஒரு துண்டு, அதே செட்டிங்ல ரெண்டு பிளக் அடிங்க. ஆறின பொறவு பிளேட்ட வைஸ்ல புடிச்சு, தகரத்துக்கு அடியில உளிய விட்டு அடிச்சு உரிங்க. தகரம் கிழிஞ்சு, வெல்டுப் பொட்டு தகரத்தோட ஒரு வளையத்தையும் வச்சுகிட்டு பிளேட்டுல அப்படியே நின்னா நல்ல வெல்டு. பொட்டு முழுசா பிளேட்ட விட்டு கழண்டு தகரத்தோட வந்து, பிளேட்டுல மொழுமொழுன்னு தடம் மட்டும் இருந்தா சூடு போதல, கரண்ட்ட ஏத்துங்க, இல்ல நடுவுல அரை வினாடி கூட நில்லுங்க. உரிக்கிறதுக்கு முன்னாலயே பிளேட்டோட பின்பக்கத்த திருப்பிப் பாக்கலாம், பொட்டுக்கு நேர நீலமும் பழுப்புமா வட்டம் தெரியணும், ஒரு நிறமும் மாறாம இருந்தா அந்தப் பக்கம் சூடே போகலன்னு அர்த்தம். எங்க ஒர்க்‌ஷாப்புல புதுசா வர்ற பையங்க முப்பது பொட்டு வரிசையா உரிச்சுக் காட்டின பொறவுதான் கன்ன வண்டிக்குக் கொண்டு போக விடுவேன். அவங்களுக்கு கோவம் வரும், வரட்டும்.

எல்லா எடத்துலயும் பத்த வைக்கலாமான்னா கூடாது. இப்ப வர்ற நெறய காருல முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவுல நிக்கிற தூணு மாதிரி சில எடத்துல சூடாக்கி அழுத்தி உறைய வச்ச போரான் ஸ்டீல் வருது, சாதா தகரத்தவிட பல மடங்கு பலம். அந்த பலம் வந்ததே சூட்டு பதத்தால, நம்ம திரும்ப சூடாக்கினா அந்தப் பதம் போயிரும், பாக்க ஒண்ணும் தெரியாது, இடிச்சா அங்கதான் மடங்கும். அந்த எடத்துல துண்டு வைக்கிறது, பிளேட்டு அணைக்கிறது எதுவும் வேண்டாம், கம்பெனி என்ன சொல்லுதோ அதுபடி முழுப் பாகமா மாத்தணும். டிரில் போடும்போது பிட்டு வழுக்கிகிட்டே இருந்து இறங்கலன்னா சந்தேகப்பட்டு நிறுத்திருங்க.

தீ பயம் எப்பவும் இருக்கணும். பேட்டரி நெகட்டிவ கழட்டுங்க, ஏர்பேக் உள்ள வண்டின்னா பேட்டரிய கழட்டிட்டு கொஞ்ச நேரம் விட்டுட்டுதான் ஆரம்பிக்கணும். எர்த் கிளாம்ப வெல்டு வைக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே, தேய்ச்ச இரும்புல மாட்டுங்க, தூரத்துல மாட்டினா கரண்ட் வீல் பேரிங் வழியா சுத்திப் போயி பேரிங்க கெடுக்கும். ஃப்ளோர்ல வேலைன்னா கீழ பெட்ரோல் லைன் எங்க போகுது, டாங்க் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாத்துட்டுதான் கன்ன கையில எடுக்கணும், பக்கத்துல இருந்தா எறக்கி வச்சுருங்க, சிஎன்ஜி வண்டின்னா அந்த சிலிண்டர் இருக்க பக்கமே தொடாதீங்க. சீட்டு, கார்ப்பெட், மேட்டு எல்லாம் வெளிய. ஒரு ஆளு மறுபக்கம் தண்ணி வாளியும் நனைச்ச சாக்கும் வச்சு நிக்கணும், ஏன்னா கண்ணாடி மாட்டின நமக்கு ஆர்க்க தவிர ஒண்ணும் தெரியாது, கீழ தார் ஷீட்டு புகைஞ்சாலும் தெரியாது. வேலை முடிஞ்சு ஒரு அரை மணி நேரம் ஷட்டர பூட்டிட்டு டீ குடிக்கப் போகாதீங்க, புகைச்சல் அப்புறமாத்தான் தீயாகும். அதேபோல பக்கத்துல நிக்கிற பையனுக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கிக் குடுங்க, ராத்திரி கண்ணுல மண்ணள்ளிப் போட்ட மாதிரி துடிக்கிறது அந்தப் பையன்தான்.

வெல்டு முடிஞ்சா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு, நம்ம ஊருக்கு அதுவும் பாதிகூட இல்ல. தகரமும் பிளேட்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்க எடத்துல ஒரு மெல்லிய சந்து இருக்கும், உப்புக் காத்து அதுக்குள்ள ஏறி நின்னுக்கிடும். அதனால சேக்குறதுக்கு முன்னாலயே ரெண்டு உள்பக்கத்துலயும் வெல்டு தாங்குற நாகப் பிரைமர் அடிச்சுட்டு, ஹோல் நடுவுல மட்டும் சுரண்டி விட்டுட்டு பத்த வைங்க. பொறவு வெல்ட அரைக்கும்போது பக்கத்துத் தகரத்தையும் சேத்து அரைச்சு மெலிய விட்டுராதீங்க, வெல்டு லேசா புடைப்பா இருந்தாலும் தரை மேட்டுக்கு அடியில யாரும் பாக்கப் போறதில்ல. எபாக்ஸி பிரைமர், அது மேல சந்து முழுக்க சீலர், அதுக்கப்புறம் பெயிண்டு, உள்ள பொட்டி மாதிரி மூடின எடத்துக்கு மெழுகு ஸ்ப்ரே. சீலர் அடிக்கும்போது ஃப்ளோர்ல தண்ணி வடியிற ஹோல அடைச்சுராம பாத்துக்கிடுங்க.

அந்த குளச்சல் வண்டிக்கு நான் 1.6 துண்டு வச்சு, மேல 3 மி.மீ. பிராக்கெட்டு, மொத்தம் 14 பிளக் போட்டுக் குடுத்தேன், ரெண்டு நாளு ஆச்சு. ஐப்பசி மழை கழிஞ்சு ஒருக்கா கொண்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன், மேட்ட தூக்கி சீலர் ஓரத்துல பழுப்பா ஒரு கோடு தெரியுதான்னு பாக்கணும், தெரிஞ்சா அந்த எடத்தத் திரும்பத் தொறந்துதான் ஆகணும்.